பாடகர் குழுவுக்கும் பேண்டுக்கும் ஒரே பாட்டுத்தாள்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

ஆராதனையில் பழைய ஞானப்பாட்டா, புதுப் பாட்டா என்ற வழக்கு சபைகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒரு ஆராதனை ஆர்கனுக்கு, இன்னொன்று கிட்டாருக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டு பல சபைகள் சமாதானமாகிவிட்டன. அப்புறம் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பாடுவது கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்றாகிவிடுகிறது. இந்தப் பிரிவினைக்குப் பாதிக் காரணம் பக்தியோ ரசனையோ அல்ல, கையில் இருக்கும் தாள்தான் என்று எங்கள் பாட்டுத்தொகுப்புக் குழு நினைக்கிறது. எல்லாருக்கும் பொதுவான ஒரு பாட்டுத்தொகுப்பால் அதைச் சரிசெய்யவே நன்கொடை கேட்டு உங்களிடம் வருகிறோம்.

பழைய ஞானப்பாட்டுகள் அடங்கிய பாமாலையின் இசைப் பதிப்பில் பெண்களின் சொப்ரானோ, ஆல்டோ, ஆண்களின் டெனர், பேஸ் என்ற நான்கு குரலுக்கும் நோட்ஸ் இருக்கும். கிட்டாருக்குக் கார்டு (chord, சேர்த்து ஒலிக்கும் சுரங்களின் குறியீடு) இருக்காது. சுருதியும் பல பாடல்களில் ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட். ஆர்கன் வாசிப்பவருக்கு அது சர்வசாதாரணம், கிட்டார் பிடிக்கும் தம்பிக்கோ விரல் திணறும். கிட்டாரின் முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டி டி கார்டு பிடித்தால் ஈ ஃபிளாட் வந்துவிடும். இந்த ஒரு வரி தாளில் இல்லாததால்தான் பாதிப் பேர் பழைய பாட்டுப் பக்கமே வருவதில்லை.

புதுப் பாடல்களில் வரியும் கார்டும் மட்டும் இருக்கும். ஆல்டோவும் பேஸும் என்ன பாடுவது? சுருதியோ ஒலிப்பதிவில் பாடியவரின் குரலுக்கு ஏற்றது. கடைசிச் சுற்றில் அவர் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடுவார். சபையார் பாடுவதை விட்டுவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சபை பாடாத பாட்டு பழையதாக இருந்தால் என்ன, புதியதாக இருந்தால் என்ன?

ஆகவே பழையதும் புதியதுமாக 60 பாடல்களைத் தொகுக்கிறோம். நான்கு குரல் நோட்ஸ், கிட்டார் கார்டு, கீபோர்டு பகுதி எல்லாம் ஒரே சுருதியில், சாதாரணக் குரலுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். ஆராதனை முறைமையில் எந்த இடத்துக்கு எந்தப் பாட்டு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் எதை விட்டுவிடலாம் என்ற குறிப்பும் உண்டு. பாட்டு மாறலாம். நேரமில்லை என்று பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் உதிர்ந்துபோவதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

புதுமை என்றாலே தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1707-ல் ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் வெளியிட்ட ஞானப்பாட்டுகளும் அன்றைக்குப் புதுப் பாட்டுகள்தான். ஆராதனையில் வேதாகமத்தின் சங்கீதங்களைத் தவிர வேறெதையும் பாடக்கூடாது என்றவர்கள் அப்போதும் இருந்தார்கள். கிட்டாரும் நேற்று வந்ததல்ல. 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃபில் ‘சைலண்ட் நைட்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டு முதன்முதலில் பாடப்பட்டது கிட்டாரோடுதான். குழாய் ஆர்கனை உயர்வாக மதிக்கச் சொன்ன கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றி வெளியிட்ட 1963 சாசனமே, வழிபாட்டுக்குப் பொருந்தும் மற்ற கருவிகளுக்கும் இடம் கொடுத்தது.

சரி, பணம் எதற்கு? பெரும்பகுதி உரிமத்துக்கு. பழைய பாடல்கள் பல காப்புரிமைக் காலத்தைக் கடந்துவிட்டன, புதியவை அப்படியில்லை. திரையில் வரிகளைக் காட்ட வாங்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டை நான்கு குரலுக்கு மாற்றி எழுதி அச்சிட முடியாது, அதற்கு உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த தாளை ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டு பத்துக் கட்டளைகளில் ‘திருடாதிருப்பாயாக’ என்று வாசிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. மீதி, நோட்ஸைத் தட்டச்சு செய்யவும், ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் பயிற்சி ஒலிப்பதிவு செய்யவும். நோட்ஸ் வாசிக்கத் தெரியாதவர்கள்தான் எல்லாப் பாடகர் குழுவிலும் அதிகம் என்பதால் ஒலிப்பதிவைத் தவிர்க்க முடியாது. குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

சிறிய தொகையானாலும் உங்கள் சபைப் பொருளாளரிடம் கொடுத்து, ‘பாட்டுத்தொகுப்பு’ என்று எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவுசெலவுக் கணக்கைப் பங்கேற்கும் எல்லாச் சபைகளுக்கும் அனுப்புவோம். பணம் கொடுக்க இயலாதவர்கள் குரல் கொடுக்கலாம். ஒலிப்பதிவுக்கு டெனர் பாட ஆள் போதவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலப் பாடல்களை முதலில் முடிக்க வேண்டியிருப்பதால் அவற்றுக்கான உரிமக் கட்டணம்தான் இப்போது அவசரம்.

இப்படிக்கு,
பாட்டுத்தொகுப்புக் குழுவினர்