நம்ம லேபுக்கு சாம்பிள் அனுப்புற எல்லாருக்கும்

வணக்கம். டாக்டருங்க, ஆஸ்பத்திரி சிஸ்டருங்க, தேனி ராமநாதபுரம் பக்கம் கலெக்‌ஷன் சென்டர் வச்சிருக்கிற அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் சேர்த்தே எழுதுறேன்.

ரத்தப் புற்றுநோய் எந்த வகைன்னு பிரிக்கிற நம்ம ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்ட்டப் பத்தி ரெண்டு வாரமா வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ சுத்துது, கேட்டிருப்பீங்க. "அந்த லேப்ல ஃப்ளோ சைட்டோமெட்ரி குடுத்தா மறுபடி சாம்பிள் கேப்பாங்க, ரெண்டு தடவ காசு புடுங்கத்தான்"னு. ரேட்டப் பத்தி யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்குவேன், இதக் கேட்டு ரெண்டு நாள் தூக்கமே வரல. ரெண்டாவது சாம்பிளுக்கு இதுவரைக்கும் ஒரு ரூபா பில் போட்டதில்ல. எலும்புக்குள்ள ஊசி எறக்கி மஜ்ஜை எடுக்குற வலி தெரிஞ்சும், அதுவும் சின்னப் பிள்ளைக்கு, இன்னொரு தடவ எடுங்கன்னு சொல்ல எங்களுக்கு மட்டும் மனசு வருமா?

இந்த டெஸ்ட்டுக்கு செல் உயிரோட வரணுங்க. சிடி19, சிடி10, சிடி34ன்னு செல் மேல இருக்குற மார்க்கர்ல கலர் ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட மார்க்கர மட்டும் புடிச்சுக்கிற புரதம்) ஒட்டி, ஒவ்வொரு செல்லா லேசர் முன்னாடி ஓடவிட்டுத்தான் எந்த வகை லுக்கேமியான்னு (ரத்தப் புற்றுநோய்) பிரிக்கிறோம். செத்த செல்லுல எந்த ஆன்டிபாடியும் சும்மா போய் ஒட்டிக்கும், இல்லாத மார்க்கர இருக்குன்னு காட்டும். ஐஸ்ல புதைச்சு வந்தாலும், பஸ் பார்சல்ல வெயில்ல கெடந்து வந்தாலும் அதே கதிதான். கீமோ முடிஞ்சு எம்ஆர்டி, அதாவது மிச்சம் மீதி இருக்குற நோய் செல் பாக்குறப்போ பத்தாயிரம் செல்லுல ஒண்ணத் தேடுறோம், ரத்தம் கலந்து நீர்த்துப்போன மஜ்ஜைய வச்சு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தா அந்தக் குடும்பம் நிம்மதியா வீட்டுக்குப் போயிரும், நோய் உள்ளயே இருக்கும். அப்படி ஒரு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட எங்களால முடியாது. ஆனா எதுக்குக் கேக்குறோம்னு போன்ல பொறுமையா சொல்லாம விட்டது எங்க தப்பு, மன்னிச்சிருங்க. இனிமே எங்க டாக்டரே கூப்பிட்டுப் பேசுவாங்க.

ஆன்டிபாடி பெரும்பாலும் அமெரிக்கா ஐரோப்பாலருந்துதான் வருது, உலகம் பூரா இந்த மெஷினும் ரீஏஜென்ட்டும் (டெஸ்ட்டுக்கான மருந்துங்க) ஒரு சில கம்பெனிங்க கையிலதான் இருக்கு. பத்து வருஷம் முன்னாடி 65 ரூபா பக்கம் இருந்த டாலர் 85ஐத் தாண்டிருச்சு. அந்த ஆன்டிபாடி வழி முழுக்க 2லருந்து 8 டிகிரிக்குள்ள வரணும், உறைஞ்சா குப்பைதான். அதனால 1ஆம் தேதிலருந்து பேனல் (ஒரு டெஸ்ட்டுக்குப் போடுற ஆன்டிபாடி செட்) ரேட் கொஞ்சம் கூடுது, பிள்ளைங்களுக்கு பழைய ரேட்டே. சீனியர் டெக்னீஷியன் தம்பி வெளிநாடு போயிட்டாரு, சனிக்கிழமை மதியத்துக்கு மேல சாம்பிள் வாங்க முடியாது.

அந்த ஆடியோ வந்தப்புறமும் ஒரு நாள் விடாம சாம்பிள் அனுப்பி, "நீங்க பாருங்க, நாங்க இருக்கோம்"னு சொன்ன சென்டர்காரங்கள உயிர் இருக்குறவரை மறக்க மாட்டேன். ஒரே ஒரு உதவி: சாம்பிளுக்கு ஐஸ் வேணாம், ரூம் டெம்பரேச்சர்லயே அனுப்புங்க, எடுத்த நேரத்த ட்யூப் மேல எழுதிருங்க.