அத்தைக்கு வேலை கொடு

கண்ணம்மாவுக்கு,

மாமா போன பிறகு மாப்பிள்ளை தன் அம்மாவை உங்களோடு வைத்துக்கொண்டதில் எனக்கு நிம்மதி. ஆனால் "ஒரு துரும்பைக்கூட எடுக்க விடறதில்லைம்மா" என்று நீ போனில் சொன்னதிலிருந்து யோசனையாக இருக்கிறது. அன்பினால்தான் செய்கிறாய். இத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து உன் மாமாவுக்கு டிகாஷன் இறக்கியவர் அவர். டிவி முன்னால் சும்மா உட்காரவைத்தால் எப்படிப் பொழுதைத் தள்ளுவார்?

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நம் புதுச்சேரி பக்கத்துக் குப்பங்களில் பெண்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஆரோவில்லில் உபாசனா நிறுவனத்தார் தையலில் மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொடுத்து அவர்களுக்குக் குட்டிக் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சுனாமிகா என்று பேர். அதை விற்கவில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுத்தார்கள். தைத்துக்கொண்டிருப்பவளிடம் "மனசு எப்படி இருக்கு" என்று யாரும் கேட்க வேண்டாம். கை ஓடும்போது பேச்சு தானே வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

அதனால் வேலை கொடு. பொழுதுபோக்குக்கு என்று ஏதோ ஒன்றைக் கொடுக்காதே, உன் வீட்டுக்கு நிஜமாகவே வேண்டியதைக் கொடு. காலைக் காபி இனி அவர் பொறுப்பு. சாயங்காலம் நாலு மணிதான் கஷ்டமான நேரம், அவரும் மாமாவும் சேர்ந்து உட்கார்ந்த நேரம் அது. அப்போது பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சொல்லலாம்.

கட்டிய பூ வாங்காதே, உதிரி மல்லி வாங்கி அவரிடம் கொடு, நீயும் கூட உட்கார். சாமிக்கும் மாமா படத்துக்கும் அவரே கட்டிப் போடட்டும். புருஷன் போனவள் பூவைத் தொடலாமா என்று கேட்கச் சொந்தத்தில் ஆள் இருக்கும். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. தலையில் வைத்துக்கொள்வதும் அவர் இஷ்டம்தான். பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய் அழுதால் அழட்டும். முடிக்கச் சொல்லாதே, நீயும் எடுத்து முடிக்காதே. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அவரே கேட்பார்.

மாமா பேச்சை மறைக்க வேண்டாம். வத்தக்குழம்பு வைக்கும்போது "மாமாவுக்கு எவ்வளவு காரம் வேணும்?" என்று கேள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால் மட்டும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

மாவடு வந்துவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன். எவ்வளவு உப்பு என்று எனக்குப் போன் செய்யாதே, அத்தையிடம் கேள்.

அம்மா