கட்டாயமில்லாத ஒரு நன்றி

ஆய்வேட்டை ஒப்படைத்தாயிற்று. ஒப்புகைச் சீட்டும் வந்துவிட்டது. எந்த நிலையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தேன் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பார்வையற்ற என்னால் பயன்படுத்த முடியாதபடி இருந்த, ஆய்வேடு ஒப்படைக்கும் அந்த இணையப் பக்கத்தைப் பற்றியும், முறையிட்டபோது வந்த "யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க" என்ற பதிலைப் பற்றியும் மறுபடி எழுதி உங்கள் ரத்த அழுத்தத்தை ஏற்றப் போவதில்லை. நேற்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன். அந்தத் தெம்பு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நன்றி சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. பார்வையற்றவன் வீட்டை விட்டு இறங்கினால் திரும்பும் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பஸ் நம்பர் சொன்னவருக்கு, எழுந்து இடம் கொடுத்தவருக்கு, சும்மா பஸ்ஸுக்காக நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் சாலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொண்டவருக்கும்கூட. சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவன்.

அதனால் அந்தப் பக்கத்தைக் கடைசியில் சரிசெய்து தந்தவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை. மின்னணு ஊடகத்தில் இருப்பதெல்லாம் எங்களுக்கும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42ஆவது பிரிவில் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) வழக்கில், டிஜிட்டல் அணுகலும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பே கொடுத்துவிட்டது. செய்ய வேண்டியதைத் தாமதமாகச் செய்தார்கள். சரி, செய்தார்களே என்று விட்டுவிடலாம்.

நான் நன்றி சொல்ல வந்தது திருவல்லிக்கேணியில் தட்டச்சு, பக்க அமைப்பு செய்து தரும் டிடிபி கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு.

என் ஆய்வு, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் தமிழ் ஆவணங்களை எப்படிப் படிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைப் பற்றியது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தரமாக ஏற்று தமிழக அரசு 2010இல் ஆணை போட்டாலும், அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் ஏராளமாகச் சுற்றுகின்றன. அவற்றில் ஒன்றான பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கண்ணுக்கு அம்மாதான் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அதை எழுத்தெழுத்தாகப் படித்தால் "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்று ஒப்பிக்கும். அந்தப் பழைய கோப்புகளை மாற்றிப் பிழை பார்க்கத்தான் அக்காவிடம் போனேன். பாமினியிலேயே கை பழகியவர். யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டால் எந்த எழுத்து உடையும் என்று அவருக்குப் போடும் முன்பே தெரியும்.

ஒருநாள் கடையிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்து அத்தியாயங்களை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டார்: "அது ஏன் தம்பி, அங்கங்க கிராஃபிக்னு சொல்லிட்டு வாயை மூடிக்குது?" அங்கே படம் இருக்கிறது, படத்தைச் சொல்லில் விளக்கும் மாற்று உரை எழுதாவிட்டால் அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று போகிறபோக்கில் சொன்னேன். அப்புறம் மறந்தும் போனேன். நீங்கள் எல்லோரும் அந்த இணையப் பக்கத்துக்காக மனு எழுதிக்கொண்டிருந்த நேரம் அது.

பக்க அமைப்பு முடிந்து கோப்பு வந்தது. வீட்டில் ஓடவிட்டேன். முதல் வரைபடம் வந்த இடத்தில் இயந்திரம் நிற்கவில்லை. ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் அந்தத் தகரக் குரலில் இப்படிப் படித்தது: "நாலு கம்பம் நிக்குது. மொதக் கம்பம் ரொம்பக் குட்டை. நடுவுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா ரெண்டாவது ஒரு விரற்கடை தாழ்வு. கடைசிக் கம்பம் பேப்பர் உச்சி வரைக்கும் போகுது."

அந்த நான்கு எண்களும் என் எண்கள். நானே கணக்கிட்டு, நண்பனிடம் கொடுத்து வரையச் சொன்னவை. ஆனால் அவை தாளில் எப்படி நிற்கின்றன என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எண்ணாக மட்டுமே தெரிந்திருந்த ஒன்றுக்கு உயரம் வந்த மாதிரி இருந்தது. ஆய்வேட்டில் இருந்த எல்லாப் படங்களுக்கும் எழுதியிருந்தார். வேர்டில் மாற்று உரை எழுதும் பெட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் தானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

மாற்று உரை எழுதும் முறையைப் பற்றி நானே பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். படம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எதற்காக இருக்கிறது என்பதை எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள் என்பேன். அந்தக் கணக்கில் அக்கா எழுதியதில் பாதிக்கு மதிப்பெண் தேறாது. ஆனாலும் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. நெறியாளரிடம் போட்டுக் காட்டினேன். "பேச்சுத் தமிழா இருக்கேப்பா" என்றார், கொஞ்சம் யோசித்தார், இருக்கட்டும் என்றுவிட்டார்.

டி. வி. ராமன் 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடு, கணிதச் சமன்பாடுகளைப் பேசவைக்கும் மென்பொருளைப் பற்றியது. அவரும் பார்வையற்றவர். என்விடிஏவை 2006இல் தொடங்கிய மைக்கேல் கரன், அதில் அவருடன் சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டே இருவரும் அப்படியே. எங்களுக்கு வேண்டியதை நாங்களே செய்துகொள்வோம் என்ற பெருமை எனக்கு நிறையவே உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அக்கா செய்தது அதற்கு எதிரானதாக எனக்குப் படவில்லை. எனக்காக அவர் எதையும் தூக்கிச் சுமக்கவில்லை. கோப்பில் ஓர் ஓட்டை இருப்பதைக் காதால் கேட்டார், அடைத்தார். தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை அது.

பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு, பைண்டிங்குக்கு இவ்வளவு என்று கறாராகக் கணக்குப் போட்டார். கண் தெரியாத பிள்ளை என்று அவர் ஐம்பது ரூபாய் தள்ளியிருந்தால் இந்த மடலை இவ்வளவு மகிழ்ச்சியாக எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். படங்களுக்கு எழுதியதற்கு மட்டும் காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்கு அவரிடம் ரேட் இல்லையாம்.

மற்றவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். சட்டப் பிரிவுகளைத் தேடித் தந்த வழக்கறிஞர் தோழிக்கு, நள்ளிரவிலும் ஸ்கேன் பக்கங்களைப் படித்துக் காட்டிய கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு, மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கு, மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா படத்தில் இருப்பதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன அறை நண்பனுக்கு, "விட்டுடாதடா" என்று தினமும் போன் செய்த பார்வையற்ற அண்ணன்களுக்கு, எல்லோருக்கும் ஒரே மூச்சில் என் நன்றி. உங்களுக்குத் தனித்தனியாகச் சொன்னால் நீங்கள்தான் என்னை உதைப்பீர்கள்.

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். மாற்று உரை, தலைப்பு நடை (தலைப்பைத் தலைப்பு என்றே வேர்டில் குறிப்பது), யூனிகோட், அட்டவணை இந்த நான்கைப் பற்றியும் டிடிபி கடைக்காரர்களுக்காகத் தமிழில் ஒரே தாளில் ஒரு குறிப்பு. ஆய்வேடுகளும் கேள்வித்தாள்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அவர்கள் கையைத் தாண்டித்தானே வெளியே போகின்றன. கருத்தரங்குகளில் இவ்வளவு காலம் பேசியும் அவர்களை நாங்கள் ஒருமுறைகூட அழைத்ததில்லை. குறிப்பை முதலில் அக்காதான் பார்த்துத் திருத்துவார், கேட்டாயிற்று. பக்கத்துக்கு என்ன ரேட் என்பதையும் சொல்லிவிட்டார். உங்கள் ஊரில் டிடிபி கடை வைத்திருப்பவர் யாராவது படித்துப் பார்க்கத் தயார் என்றால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.