சேரச் சொல்கிறீர்கள், எங்கே சேர்வது?

மதிப்பிற்குரிய மருத்துவத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடலோர ஊர்களில் ராத்திரி நேரத்து ஆஸ்பத்திரி நிலவரம் உங்களுக்குத் தெரியும். நாங்கள் கொடுத்த மனுக்களும் எங்கேயாவது ஃபைலில் இருக்கும். அதனால் பழைய கதைக்குப் போகவில்லை. போன கார்த்திகையில் என் அம்மாவுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. முழங்கால் ஒத்துழைத்தவரை பாசி எடுக்கக் கடலுக்குப் போனவர். மூச்சடக்கி முங்குவதில் ஊரில் அவருக்குப் பேர். காய்ச்சல் வந்த மறுநாளே பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ஓர் ஊசி, நாலு பாராசிட்டமால், "சாதாரண ஃபுளூதான்." வயதானவர், அதுவும் சர்க்கரைக்காரர் என்றால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒசெல்டமிவிர் என்ற ஃபுளூ மருந்தைத் தொடங்க அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்கு நல்ல பலன். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு... சரி, விடுங்கள்.

நாலாம் நாள் ராத்திரி படுத்தாலே மூச்சு முட்டியது. திரும்ப அதே ஆஸ்பத்திரி. சிஸ்டர் ஒருவர்தான் இருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை அம்மா விரலில் மாட்டினார். 86. மெஷின் சரியில்லையோ என்று கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்தார். 98. மறுபடி அம்மா விரலைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டினார். 86தான். அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அட்மிஷன் போட டாக்டர் இல்ல தம்பி, ராம்நாடு கொண்டு போயிருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருந்த ஒரே சிலிண்டர் உள்ளே ஒரு குழந்தைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

108 வரும்வரை அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே உங்கள் நோட்டீஸ். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நகம் நீலமாதல், மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனையில் சேரவும். சேரத்தான் ஐயா வந்தோம்.

ராம்நாட்டில் ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்தார். இப்போது தெருக்குழாய் வரை நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஐப்பசியிலிருந்து தை வரை, கடலோர ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு நாலு கட்டில், ராத்திரிக்கு ஒரு டாக்டர். ஃபுளூ வந்த எல்லாருக்கும் கட்டில் கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் கஞ்சி குடித்து ஒரு வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், சர்க்கரையோ இருதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள், இவர்களில் சிலருக்குத்தான் நெஞ்சில் இறங்கிவிடுகிறது. அந்தச் சிலருக்குத்தான் நாலு கட்டில்.

எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லாதீர்கள். வடகிழக்குப் பருவமழையோடு தமிழ்நாட்டில் ஃபுளூ ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. ஆடி அமாவாசை வந்தால் ராமேஸ்வரத்துக்குச் சிறப்புப் பேருந்து வருகிறது. முங்கி எழ வருகிறவர்களுக்கு எல்லா ஏற்பாடும் நடக்கிறது, நடக்கட்டும். கரையிலேயே குடியிருக்கிற நாங்களும் இனி அமாவாசை பார்த்து மூச்சுத்திணற வேண்டும் போலிருக்கிறது.

மன்னிக்கவும், எழுத எழுதக் கோபம் வந்துவிட்டது. நாலு கட்டில், ஒரு டாக்டர். ஐப்பசி பிறப்பதற்குள் தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள். அதற்குள் முடியாதென்றால், அந்த நோட்டீஸையாவது பெஞ்சுக்கு மேலிருந்து கழற்றி வேறு சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலோர ஊர்க்காரன் ஒருவன்