மருந்தா உப்புத்தண்ணியா, அத சொல்லுங்க முதல்ல

மதிப்புக்குரிய நுரையீரல் ஆராய்ச்சிக் குழுவினருக்கு,

வணக்கம்ங்க. போன வாரம் உங்க ஆளு ஒருத்தர் போன் பண்ணி, புதுசா ஒரு ஸ்டடி ஆரம்பிக்கிறோம், நீங்க ஏற்கனவே எங்ககிட்ட இருந்தவர்தானே, மறுபடி சளி சாம்பிள் தர முடியுமான்னு ரொம்ப மரியாதையா கேட்டாரு. பழைய ஸ்டடி என்னாச்சுன்னு நான் திருப்பிக் கேட்டேன். "அது வேற டீம் சார்"னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. அதான் இந்த மடல்.

எந்த ஸ்டடின்னு உங்களுக்கே தெரியும். ப்ராங்கியெக்டேசிஸ் (மூச்சுக்குழாய் நிரந்தரமா விரிஞ்சு சளி தேங்குற நோய்), அதுல குடியேறுற சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா, அதுக்கு இழுக்குற ஆன்டிபயாடிக், 28 நாள் எடுக்கணும் 28 நாள் நிறுத்தணும், சில பேருக்கு மருந்து சில பேருக்கு உப்புத்தண்ணி, யாருக்கு எதுன்னு எங்களுக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. முடிஞ்சு மூணு வருஷமாச்சு. நான் இழுத்தது எதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க.

சளி குடுக்குறதுன்னா என்னன்னு உங்கள்ல எத்தனை பேரு பாத்துருக்கீங்களோ, உங்க கைக்கு டப்பாதான் வரும். காலைல எழுந்து வாயக் கொப்புளிச்சுட்டு, வெறும் வயித்துல, உப்புக்கரைசல நெபுலைசர்ல இழுத்துட்டு அரை மணி நேரம் இருமணும். விலாவெல்லாம் கழண்டு வர்ற மாதிரி வலிக்கும், சில நாள் இருமற இருமல்ல ஒண்ணுக்குப் போயிரும், வெக்கத்த விட்டுச் சொல்றேன். கண்ணுல தண்ணி வழிய எதையோ எடுத்துக் குடுத்தா "இது எச்சில் சார், நெஞ்சுலேர்ந்து வரணும்"னு டப்பாவ திருப்பிக் குடுப்பாங்க. மறுபடி முதல்லேர்ந்து. ஒரு தடவ ரத்தம் கலந்து வந்துச்சு, அதையும் மூடி போட்டு நேரம் எழுதி ஒப்படைச்சேன், ஏன்னா ஃபார்ம்ல அப்படித்தான் போட்டுருந்துச்சு. இன்னொரு தடவ நீங்க குடுத்தத இழுத்ததும் நெஞ்சு இறுகி ராத்திரி பூரா உக்காந்தே இருந்தேன். இப்ப என் டாக்டர் அதே வகை மருந்த ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறாரு, முன்னாடி ஒத்துக்கிச்சான்னு கேக்குறாரு. நான் என்னத்த சொல்ல? அன்னிக்கு இறுகுனது மருந்தாலயா, என் நோயாலயா, அந்தப் பதில் உங்க பீரோவுல இருக்கு.

இதொண்ணும் நான் கேக்குற சலுகை இல்ல. மனுஷங்கள வெச்சு நடத்துற மருத்துவ ஆராய்ச்சிக்கான நெறிமுறை, ஹெல்சிங்கி பிரகடனம், அதுல 2013லேயே இருக்கு, ஆராய்ச்சில கலந்துக்கிட்டவங்களுக்கு அதோட முடிவைத் தெரிஞ்சுக்கிற வாய்ப்பு குடுக்கணும்னு. உலக சுகாதார நிறுவனம் 2015ல இன்னும் தெளிவா சொல்லிருச்சு, முக்கியமான முடிவுகள 12 மாசத்துக்குள்ள ரெஜிஸ்ட்ரியில (ட்ரையல் விவரத்த எல்லாரும் பாக்குற மாதிரி பதியுற பதிவேடு) போடணும், ஸ்டடி முடிஞ்சு 24 மாசத்துக்குள்ள ஜர்னலுக்கு வரணும்னு. நான் போட்ட கையெழுத்துக்கு மட்டும்தான் மதிப்பா?

மருந்து வேலை செய்யலன்னு தயங்குறீங்கன்னா, அதுல என்ன அவமானம்? ஆர்பிட்-3, ஆர்பிட்-4ன்னு சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக்க இழுக்க வெச்சு ஒரே மாதிரி ரெண்டு ட்ரையல் நடந்துச்சு, ஒண்ணு தேறுச்சு இன்னொண்ணு தேறல, 2019ல ரெண்டையும் சேர்த்தே வெளியிட்டாங்க. தோத்தது தெரிஞ்சாதான் அதே மருந்த இன்னொருத்தன் நெஞ்சுல மறுபடி ஊத்த மாட்டாங்க.

இன்னொண்ணும் கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. லேப்ல நீங்க செல்லமா வளக்குற பிஏஓ1ங்கிற சூடோமோனாஸ் கிருமி 1950கள்ல மெல்போர்ன்ல யாரோ ஒருத்தரோட புண்ணுலேர்ந்து எடுத்தது. என் நெஞ்சுல இருக்கறது பதினோரு வருஷமா வாடகை குடுக்காம குடியிருக்கு, வழவழன்னு ஆல்ஜினேட்டுங்கிற பசையப் போத்திக்கிட்டு, பயோஃபிலிம்னு கூட்டமா ஒட்டிக்கிற படலம் கட்டி உக்காந்துருக்கு. தட்டுல வளத்துப் பாத்தா "சென்சிட்டிவ்"னு, அதாவது மருந்துக்கு அடங்கும்னு, ரிப்போர்ட் வரும், அதே மருந்த நான் சாப்ட்டா அது அசையக்கூட மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணாங்க? எலிக்கு இந்த மாதிரி நோய் லேசுல நிக்காதுன்னு அகர்ங்கிற ஜெல்லி உருண்டைல கிருமிய பொதிஞ்சு உள்ள வெக்கிறீங்க, எங்களுக்கு அந்த சிரமம்கூட குடுக்கல பாருங்க, நாங்களே தூக்கிட்டு வந்துர்றோம். எலிகிட்ட ஒரு வசதி, அது ரிசல்ட் கேக்காது.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். உங்க வேலை லேசுன்னு நான் சொல்லல, நீங்க இல்லன்னா எங்களுக்கு வேற நாதியும் இல்ல. தயவு செஞ்சு கேக்குறது இதுதான்: அந்த ஸ்டடியோட முடிவு எப்படி இருந்தாலும் ரெஜிஸ்ட்ரியில போடுங்க, கலந்துக்கிட்ட ஒவ்வொருத்தருக்கும் புரியுற பாஷைல ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க, அதுல அவங்களுக்குக் குடுத்தது மருந்தா உப்புத்தண்ணியான்னு ஒரு வரி இருக்கட்டும்.

புது ஸ்டடிக்கான டப்பா நேத்து கொரியர்ல வந்துருச்சு. மேஜை மேல வெச்சுருக்கேன், பிரிக்கல. உங்க லெட்டர் வந்த மறுநாள் காலைல நெறச்சு அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்க ஃபைல்ல நம்பரா மட்டும் இருக்குற ஒருத்தன்