பணம் கட்டும் முன் எந்தப் பதவி என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். மருத்துவமனை வார்டு ஒன்றில் தாதியாக வேலை பார்க்கிறேன். போன வாரம் நைட் டியூட்டி முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது மணப்பாறையிலிருந்து பெரியம்மா மகள் அழைத்தார். அக்காவின் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஐசியுவில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். சிங்கப்பூரில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை, மொத்தம் நான்கு லட்சம், பாதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும் என்று ஏஜெண்டு சொல்கிறாராம். "நீ அங்கேதானே இருக்கிறாய், கட்டலாமா, சொல்லு" என்றார் அக்கா.

2010ல் என் அப்பா, துவாஸில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார். "சிங்கப்பூரில் சட்டம் கடுமை, யாரும் ஏமாற்ற முடியாது, தைரியமாக அனுப்புங்கள்" என்றார் சித்தப்பா. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவருக்குத் தாதியர் வேலையைப் பற்றி எதுவும் தெரியாது. அம்மாவின் நகை அடகுக்குப் போனது. மீதிக்கு வட்டிக்கு வாங்கினோம்.

இங்கே வந்த பிறகுதான் என்னை ஸ்டாஃப் நர்ஸாக அல்ல, அதற்குக் கீழ்நிலையான என்ரோல்டு நர்ஸாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஊரில் நாலு வருடப் படிப்பு, மூன்று வருட அனுபவம். வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்த்தவள். இங்கே வார்டில் நரம்பு வழியாக ஐவி மருந்து ஏற்ற ரெஜிஸ்டர்டு நர்ஸ் (ஸ்டாஃப் நர்ஸ் இந்த நிலைதான்) வரும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். குளிப்பாட்டுவதும் திருப்பிப் படுக்க வைப்பதும் இழிவான வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தாதி வேலையின் அடிப்படையே அதுதான். ஆனால் சம்பளம் வேறு, பொறுப்பு வேறு, பதவி உயர்வுக்கான பாதையும் வேறு. முதல் மூன்று வருடச் சேமிப்பு முழுவதும் வட்டிக்கே போனது. அம்மாவிடம் இதை நான் சொல்லவே இல்லை. என் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே "ஸ்டாஃப் நர்ஸ், சிங்கப்பூர்" என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்து இரவெல்லாம் தூங்கவில்லை. ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆனது ஆறாவது வருடத்தில்.

இதில் தாதியர் வாரியத்தின் மேல் எனக்குக் குறையில்லை. வெளிநாட்டில் படித்தவரை எந்த நிலையில் சேர்ப்பது என்பதைச் சிங்கப்பூர் தாதியர் வாரியம்தான் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து முடிவு செய்கிறது. ஏஜெண்டு அல்ல. இங்குள்ள ஒரு மருத்துவமனையோ பராமரிப்பு இல்லமோ வேலை தர முன்வந்த பிறகுதான் பதிவுக்கே விண்ணப்பிக்க முடியும். அப்படியிருக்க, எந்த நிறுவனம் என்றே சொல்லாமல் "ஸ்டாஃப் நர்ஸ் உறுதி" என்று ஒருவர் எதை வைத்து வாக்குக் கொடுக்கிறார்? எனக்கு இந்த ஒரு விஷயத்தை அன்று யாராவது சொல்லியிருந்தால் போதும். வராமல் இருந்திருப்பேனா தெரியாது. தெரிந்து வந்திருப்பேன்.

கட்டணத்திலும் அப்படித்தான். இங்கே உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வேலை தேடி வருபவரிடம் வாங்கலாம். இந்தியாவில் பதிவு பெற்ற முகவருக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் உச்சவரம்பு. இரண்டு நாட்டிலும் உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அரசாங்க இணையத்தளங்களிலேயே பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கல்யாணமான பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருந்தால்தான் கணவரையும் பிள்ளைகளையும் சார்ந்திருப்போர் அட்டையில் அழைத்து வர முடியும். புதிதாக வருகிற தாதிக்கு அந்தச் சம்பளம் கிடைக்காது. என்னோடு தோ பாயோவில் ஒரே அறையில் தங்கியிருந்த தோழி, ஒன்றரை வயதுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். ஆறு மாதத்தில் கூட்டி வந்துவிடலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான், ஊரில்தான்.

இதையெல்லாம் எழுதுவதால் யாரும் வர வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் தாதிமை தொடங்கியதே வெளியூரிலிருந்து வந்தவர்களால்தான். 1885ல் சிப்பாய் லைன்ஸில் இருந்த பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் தாதிப் பணியை ஏற்றார்கள். அந்த நினைவில்தான் ஆகஸ்ட் 1 இங்கே தாதியர் தினம். ஊரில் "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள், இங்கே வயதானவர்கள் "மிஸ்ஸி" என்கிறார்கள். வலிக்கு மலாயில் "சாக்கிட்", ஹொக்கியனில் "தியா" என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். மறதி நோய் வந்த பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர், மலாய், ஆங்கிலம் இரண்டையும் மறந்துவிட்டார். தமிழ் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மூன்று நாள் எதையும் வாயில் வாங்காதவர், "ஐயா, கஞ்சி ஆறிடும், ஒரு வாய்" என்றதும் வாயைத் திறந்தார். தமிழ் பேசும் தாதியர் இங்கே வேண்டும். நிச்சயம் வேண்டும்.

அதனால்தான் இங்குள்ள வாசகர்களிடம் கேட்கிறேன். ஊரிலிருந்து அழைப்பு வரும்போது "சிங்கப்பூர்தானே, பயமில்லை" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். எந்த நிறுவனம், எந்த நிலையில் பதிவு, வேலை அனுமதிக் கடிதத்தில் என்ன சம்பளம் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்காக, முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். உங்கள் நாளிதழும் இந்த விவரங்களை ஒரு பக்கத்தில் வெளியிட்டால், அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்ப எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

அக்காவிடம் இந்த மூன்றையும் கேட்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஏஜெண்டிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. பணமும் கட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாதி,
உட்லண்ட்ஸ்
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்)