லூவனிலிருந்து செல்விக்கு

லூவன், பெல்ஜியம்

அன்புள்ள செல்வி,

போட்டிச் சட்டத்தில் எழுதும் என் தீசிஸின் தலைப்பை மாற்றிவிட்டேன். எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி சொன்னார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சீரியல் பார்க்க விடாதே. பருப்புப் பொடி வந்து சேர்ந்தது, பாதி காலி. "உயிரோடு இருக்கிறாயா, உடனே பதில் தருக" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி நீ அனுப்பியதும் கிடைத்தது. வழக்கில்லாத நேரத்திலும் உனக்கு நோட்டீஸ்தான்!

அப்பாவிடம் ஒன்று சொல். வாழை மண்டி வைத்திருப்பவருக்கு இந்த வழக்கு பிடிக்கும். சிக்கிட்டா வாழைப்பழம் விற்ற யுனைடெட் பிராண்ட்ஸ் மீது 1978இல் வந்த தீர்ப்பு. வாழைப்பழமும் ஆப்பிளும் ஒரே சந்தையா என்று லக்சம்பர்க்கில், ஐரோப்பிய நீதிமன்றத்தில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார்கள். பழம் மென்மை, விதை இல்லை, வருடம் முழுக்கக் கிடைக்கிறது. குழந்தை, முதியவர், நோயாளி இவர்களுக்கு வேறு பழம் ஈடாகாது, ஆகவே வாழை தனிச் சந்தை என்றது நீதிமன்றம். அந்தக் கம்பெனி பழுக்கவைக்கும் வியாபாரிகளிடம் போட்ட நிபந்தனை இன்னும் அழகு: காயாக இருக்கும்போது மறுபடி விற்கக் கூடாது. பழுத்த பிறகு எவன் எல்லை தாண்டி அனுப்புவான்? அப்பாவுக்கு விளக்கவே வேண்டாம். சந்தையை நாடு நாடாகப் பிரித்துவைக்கும் வேலை அது என்று நீதிமன்றமும் கண்டுபிடித்துவிட்டது.

சரி, என் விஷயம். ஹாஃப்மன்-லா ரோஷ் வழக்கு, 1979. சுவிட்சர்லாந்தின் பாசலைச் சேர்ந்த மருந்து கம்பெனி, வைட்டமின் விற்பனையில் பெரிய கை. மொத்தச் சரக்கையும் எங்களிடமே வாங்கு, தள்ளுபடி தருகிறோம் என்று பெரிய வாடிக்கையாளர்களைக் கட்டிப்போட்டது. போட்டியாளன் குறைந்த விலை சொன்னால் எங்களிடம் வந்து சொல் என்றும் ஒரு ஷரத்து. வாடிக்கையாளருக்குச் சாதகமாகத் தெரியும். நிஜத்தில் எதிரியின் விலையை அவர்கள் வாயாலேயே தெரிந்துகொள்ளும் வழி. சந்தையில் ஆதிக்க நிலை என்றால் என்ன, அதைத் தவறாகப் பயன்படுத்துவது என்றால் என்ன என்று இங்கே கேட்டால் இந்தத் தீர்ப்பின் 38ஆம் பத்தியையும் 91ஆம் பத்தியையும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வழக்குக்கு ஆதாரமான ரோஷின் உள் ஆவணங்கள், போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் ஐரோப்பிய ஆணையத்தின் கைக்கு எப்படி வந்தன என்று மட்டும் வகுப்பில் பேச்சே எழவில்லை.

கொண்டுவந்தவர் ஸ்டான்லி ஆடம்ஸ். ரோஷிலேயே பெரிய பொறுப்பில் இருந்தவர். 1973 பிப்ரவரி 25ஆம் தேதி, வேலையில் இருந்துகொண்டே, ஆணையத்தில் போட்டித் துறையைப் பார்த்துவந்த ஆணையர் போர்ஷெட்டுக்குக் கடிதம் எழுதினார். என் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அந்த வருடமே வேலையை விட்டு, பன்றிப் பண்ணை வைக்கலாம் என்று குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனார். 1974 நவம்பரில் ரோஷின் வழக்கறிஞர் ஆணையத்தின் அதிகாரிகளைச் சந்தித்து, தகவல் கொடுத்தவர் மேல் கிரிமினல் புகார் கொடுக்க யோசிக்கிறோம் என்று சொல்கிறார். அதிகாரிகள் அதை ஆடம்ஸிடம் சொல்லவில்லை. டிசம்பர் 31 அன்று சுவிட்சர்லாந்து எல்லையில் அவரைக் கைது செய்தார்கள். குற்றம்: பொருளாதார உளவு. நீண்டகாலச் சிறை கிடைக்கலாம் என்று மனைவியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே மனைவி தற்கொலை செய்துகொண்டார்.

இதை நூலகத்தில் படித்துவிட்டு அன்று வேறு எதுவும் படிக்க முடியவில்லை செல்வி. நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்த தீர்ப்பு, அந்த மனிதர் கொடுத்த காகிதங்களின் மேல் நிற்கிறது. ரோஷுக்கு ஆணையம் விதித்த அபராதம் 3,00,000 கணக்கு அலகு (யூரோ வருவதற்கு முன் ஐரோப்பாவில் கணக்குக்கு வைத்திருந்த அலகு). நீதிமன்றம் அதை 2,00,000 ஆகக் குறைத்தது.

ஆடம்ஸ் ஆணையத்தின் மேலேயே வழக்குப் போட்டார். வழக்கு எண் 145/83. 1985இல் ஜெயித்தார், ஆனால் பாதிதான். எச்சரிக்காமல் விட்டது ஆணையத்தின் தவறு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆவணங்களை வைத்தே தன்னை அடையாளம் கண்டுவிட முடியும் என்று ஆணையத்திடம் சொல்லாததும், ஆபத்து தெரிந்தும் விசாரிக்காமல் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பப் போனதும் அவர் தவறாம். ஆகவே நஷ்ட ஈட்டில் பாதி கழிவு.

இதைத்தான் தீசிஸாக எழுதப்போகிறேன் என்றதும், "மனதைத் தொடும் கதை, ஆனால் அது தொழிலாளர் சட்டம்" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். நான் விடவில்லை. கார்ட்டல் என்றால் கம்பெனிகள் ரகசியமாகக் கூடி விலை பேசிவைப்பது. இன்றைக்கு அந்த வழக்குகளில் பெரும்பகுதி லீனியன்சி என்ற சலுகையை நம்பி ஓடுகிறது. முதலில் வந்து காட்டிக்கொடுக்கும் கம்பெனிக்கு அபராதம் முழுக்க ரத்து. லாரி தயாரிப்பாளர்களின் கார்ட்டலை எடுத்துக்கொள். 14 வருடம் விலை பேசிவைத்தார்கள். 2016இல் மற்றவர்களுக்கு மொத்தம் 293 கோடி யூரோ அபராதம். முதலில் வாய் திறந்த மேன் (MAN) கம்பெனிக்கு ஒரு யூரோகூட இல்லை. தப்பித்தது சுமார் 120 கோடி யூரோ. 2001இல் வைட்டமின் கார்ட்டல் சிக்கியபோதும் இதே கதை. ரோஷுக்கு 46.2 கோடி யூரோ, ஏ, இ வைட்டமின்களில் முதலில் ஒத்துழைத்த அவென்டிஸுக்கு அந்த இரண்டிலும் அபராதமே இல்லை. சதியில் பங்குபோட்டு லாபம் பார்த்த கம்பெனி சொன்னால் இவ்வளவு சலுகை. சல்லிக்காசு லாபம் பார்க்காத ஊழியர் சொன்னால்? இது போட்டிச் சட்டத்தின் கேள்வி இல்லாமல் வேறு எந்தச் சட்டத்தின் கேள்வி?

ஒன்றுமே மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். பெயர் தெரியாமல் தகவல் அனுப்ப 2017இல் ஆணையம் ஒரு வழி திறந்தது. 2019இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு, போட்டிச் சட்ட மீறலைச் சொல்பவர்களையும் பழிவாங்கலிலிருந்து காக்கச் சொல்கிறது. பேராசிரியரும் இதைத்தான் காட்டினார். ஆனால் அது முக்கியமாக முதலாளியிடமிருந்து காப்பாற்றும் சட்டம். தகவலை வாங்கிக்கொண்ட அதிகாரி அசட்டையாக இருந்தால், ஆடம்ஸுக்குப் போட்ட அந்தப் பாதிக் கணக்கு இன்று எப்படி நிற்கும்? என் தீசிஸ் முழுக்க இந்த ஒரு கேள்விதான் என்றேன். கடைசியில், சட்டத்தில் ஓட்டை எங்கே என்று காட்டினால் சரி, கண்ணீர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார். நியாயமான நிபந்தனைதான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். மில்லில் போலிக் கணக்கைச் சொல்லி வேலை இழந்தாரே உன் கட்சிக்காரர், அவர் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? நம் நாட்டில் தகவல் சொல்வோர் பாதுகாப்புச் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் இன்னும் அமலுக்கு வரவில்லை. வந்தாலும் அரசு ஊழியர் செய்யும் ஊழலுக்குத்தான். தனியார் மில் கணக்கருக்கு அதில் இடமில்லை. நீ அவருக்காக நிற்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஃபீஸ் வாங்கவில்லை என்று அண்ணி புலம்பினார். புலம்பட்டும்.

எனக்கு ஒரு உதவி. தொழிலாளர் நீதிமன்றத்தில் வேலையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, பின்சம்பளத்தில் பாதியை வெட்டுவார்களே, உன் மேலும் தவறு இருக்கிறது என்று. வெட்டியது தப்பு என்று மேல்முறையீட்டில் திருத்திய தீர்ப்பு ஏதாவது உன் பீரோவில் இருக்கும். அந்த நியாயத்தை நீதிபதி எந்த வார்த்தையில் எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்த வாரமே ஸ்கேன் எடுத்து அனுப்பு, ஜூனியரிடம் தள்ளிவிடாதே. அவன் போன தடவை கேஸ் டயரியை அனுப்பிவைத்தான்.

அன்புடன்,
மீனா